துடைத்த பின்

மேகலாவுக்கு மூன்றாவது முறையாகத் தட்டம்மை கண்டபோது அவளுக்கு முப்பத்திமூன்று வயது. ஒருதரம் வந்தால் ஆயுசுக்கும் திரும்பிப் பார்க்காத நோய் என்பார்கள். அவள் உடம்புக்கு அந்த நியாயம் பொருந்தவில்லை. பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை, இருபத்தாறு வயதில் ஒருமுறை, இப்போது மறுபடியும். நடுவில் போட்ட தடுப்பூசிகளெல்லாம் மணலில் ஊற்றிய தண்ணீராகப் போயின.

சங்ககிரி மலைக்குத் தெற்கே இருந்த நோய்க்காப்பு மையத்தின் ஊழியர் குடியிருப்பில் கடைசி வீடு அவளுடையது. அம்மை இறங்கும்வரை யாரும் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் சிவப்புப் பட்டை ஒட்டியிருந்தார்கள். கேன்டீனிலிருந்து சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவார்கள். அவள் எழுந்து போய்த் திறப்பதற்குள் ஆள் போயிருக்கும். பட்டை ஒட்டாத நாட்களிலும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

உள்ளே வந்துபோனவர் டாக்டர் ஃபர்ஹானா ஒருவர்தான். வாணியம்பாடிக்காரர். ஏழெட்டு ஆண்டுகளாக மேகலாவின் ரத்தத்தை ஆராய்ந்து வருபவர். கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிவந்த தடிப்புகளைப் பார்த்தார்.

“போன வருசம்தானுங்களே இதுக்கு ஊசி போட்டீங்க” என்றாள் மேகலா.

“போட்டோம். நிக்கல. எல்லாரோட உடம்புக்கும் ஒரு ஞாபகம் இருக்கும் மேகலா. ஒரு கிருமியை ஒரு தடவை பாத்துட்டா மறக்காது. உங்களுக்குப் பிறந்ததுலேர்ந்து உள்ளே எச்.ஐ.வி. இருக்கு. எதிர்க்கக் கத்துக்க வேண்டிய செல்லெல்லாம் கத்துக்கறதுக்கு முன்னாடியே ஓஞ்சு போயிடுது. பள்ளிக்கூடத்துல தினமும் தீப்பிடிச்சா பிள்ளைங்க எங்க படிக்கறது?”

“அப்பறம் அந்த ஒண்ணு மட்டும் எப்படீங்க படிச்சுது?”

ஃபர்ஹானா காய்ச்சல் மானியை உதறிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒன்றுக்காகத்தான் மேகலா இங்கே இருந்தாள்.

அவள் வளர்ந்தது வேம்பகம் என்ற விடுதியில். தாயிடமிருந்து எச்.ஐ.வி.யோடு பிறந்து, தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கான இடம். லாரியும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் ஓட்டிய குடும்பங்களின் பிள்ளைகளே அதிகம். காலையிலும் இரவிலும் ஒரு மணி அடிக்கும். எல்லோரும் வரிசையாக நின்று மாத்திரை விழுங்குவார்கள். சண்டை, கோள்மூட்டல், ஒரே தட்டில் கை போட்டுத் தின்பது எல்லாம் உண்டு. வெளியே போனால் தண்ணீர் டம்ளரைத் தனியாக வைத்த வீடுகள் இருந்தன. உள்ளே அப்படி ஒரு டம்ளர் கிடையாது.

அவளுக்கு இருபத்திரண்டு வயதானபோது அந்தச் சிகிச்சை வந்தது. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. மக்கள் ‘துடைப்பு’ என்றார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து கொஞ்சம் விதைச் செல்களை எடுத்து, வைரஸ் நுழைய முடியாதபடி திருத்தி வைப்பார்கள். பிறகு கடுமையான மருந்து கொடுத்து, உடம்பில் இருக்கும் பழைய எதிர்ப்புச் செல்களை வைரஸோடு சேர்த்து அழிப்பார்கள். கடைசியில் திருத்தியவற்றை உள்ளே விடுவார்கள். அதன்பின் உடம்பு பச்சைக் குழந்தையின் உடம்பு. எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். ஆனால் நோய் இருக்காது.

துடைத்துக்கொண்டவர்களின் பழைய மருத்துவப் பதிவுகளை அரசாங்கமே அழித்துவிடும் என்று சட்டமும் வந்தது. நல்ல சட்டம்தான். அதனால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. வேம்பகத்துப் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகத் துடைத்துக்கொண்டு, தங்களைத் தெரியாத ஊர்களுக்குப் போனார்கள். வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. பழைய கதையை அறிந்த ஒரே சாட்சி கூட வளர்ந்தவர்கள்தான். ஆகவே ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது என்று, யாரும் சொல்லாமலே முடிவாயிற்று. நோய் இருந்தவரை அவர்களுக்கு ஒரு குடும்பம் இருந்தது.

ஒருமுறை ஈரோடு ஜங்ஷனில் லோகநாதனைப் பார்த்தாள். வேம்பகத்தில் அவளுக்கு அடுத்த பாய் அவனுடையது. மனைவியும் கைக்குழந்தையுமாக நின்றுகொண்டிருந்தான். மேகலா சிரித்தாள். அவன் பார்வை அவள் முகத்தில் ஒரு கணம் நின்று, அவளுக்குப் பின்னால் இருந்த கால அட்டவணைக்குப் போனது.

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“மேகலா, தப்பா நெனச்சுக்காத. உன்னைத் தெரியும்னு சொன்னா எப்பிடித் தெரியும்னு கேப்பா. என்னன்னு சொல்றது?”

“செரி லோகு. நான் ஒண்ணும் நெனைக்கல. பாப்பா பேரு என்ன?”

மறுமுனையில் தொடர்பு அறுந்துவிட்டது.

மேகலாவும் மற்ற பிள்ளைகளோடு அப்போதே துடைத்துக்கொண்டு போயிருப்பாள். துடைப்புக்கு முன்பு செய்யும் பரிசோதனையில்தான் அவள் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளைக் கண்டார்கள். மற்றெந்தக் கிருமியையும் நினைவில் வைக்காத உடம்பு, எச்.ஐ.வி.க்கு எதிராக மட்டும் யாரிடமும் காணாத அளவுக்குக் கூர்மையான ஒன்றைச் செய்துவைத்திருந்தது. மையத்தின் இயக்குநர் மதிவாணன் அவளை நேரில் அழைத்துப் பேசினார். மாத்திரைக்கு அடங்காத புது வகை வைரஸ் பரவிக்கொண்டிருந்த சமயம் அது. கர்ப்பிணிகளுக்குத் துடைப்புச் செய்ய முடியாது. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளைக் காப்பாற்ற வழி இல்லாமல் இருந்தது.

“உங்க எதிர்ப்பொருளைப் பிரிச்சு ஊசியாக்கி, பிறந்த உடனே போட்டா அந்தக் குழந்தைக்கு வராதும்மா” என்றார் மதிவாணன்.

“அதை எடுத்து நகல் பண்ணிக்கக் கூடாதுங்களா சார்?”

“பண்ணலாம். நகல் நேத்துப் பூட்டுக்குச் சாவி. வைரஸ் பூட்டை மாத்திக்கிட்டே இருக்கு. உங்க உடம்பு மட்டும் கூடவே சாவியை மாத்துது. அது நடக்கணும்னா உள்ளே வைரஸ் உயிரோட இருக்கணும்.”

அன்றைக்கு அவள் சரி என்றது பெருமையில்தான். உலகத்தில் யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி ஒன்று தன்னிடம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அப்படியே பதினோரு ஆண்டுகள் ஓடிவிட்டன. மாதாமாதம் ரத்த நீரைப் பிரித்தெடுத்தார்கள். ஆண்டில் சில மாதங்கள் மாத்திரையை நிறுத்தி வைரஸை விழிக்க விட்டார்கள். அந்த மாதங்களில் ஒன்று மாற்றி ஒன்றாக ஏதாவது வரும். அக்கி வந்தது, நிமோனியா வந்தது, நாக்கெல்லாம் வெள்ளையாகப் பூத்துச் சோறு இறங்காமல் போனது.

மற்ற நேரத்தில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஊசி போட வேண்டிய தாய்மார்களுக்குப் போன் செய்து தேதியை நினைவூட்டுவது. “நான் மையத்துல இருந்து பேசறனுங்க” என்று தொடங்குவாள். அவர்கள் பயத்தைச் சொல்வார்கள். மாமியாரிடம் மறைத்ததைச் சொல்வார்கள். பின்னால் குழந்தை அழும். அந்த ஊசி எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அவளுக்கு நூற்றுக்கணக்கான குரல்கள் தெரியும். தெருவில் எதிரே வந்தால் ஒருவரையும் அடையாளம் தெரியாது.

தட்டம்மை இறங்கி வாசல் பட்டையைக் கிழித்த வாரம், ஃபர்ஹானா அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

“மஜ்ஜை ரொம்பக் களைச்சுப் போச்சு மேகலா. துடைப்புக்கு விதைச் செல் கொஞ்சமாவது நல்லதா கிடைக்கணும். இந்த வருஷம் கிடைக்கும். அடுத்த வருஷம் கிடைக்குமான்னு தெரியல. அப்புறம் செய்ய நினைச்சாலும் முடியாது.”

“செய்யாம உட்டா?”

“இன்னொரு நிமோனியாவைத் தாங்க மாட்டீங்க.”

மேகலா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நெடுஞ்சாலையில் சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“அப்ப தேதி குறிச்சிருங்க டாக்டர்” என்றாள்.

மதிவாணன் அவளைக் கூப்பிட்டுத் தேநீர் வரவழைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவள் நிமோனியாவில் கிடந்தபோது தினமும் வந்து எட்டிப் பார்த்தவர்.

“ஒரு வருஷம் தள்ளிப் போடலாமேம்மா. வேற யார்கிட்டயாவது இது கிடைக்குதான்னு நாலு மாநிலத்துல தேடிட்டிருக்கோம்.”

“பதினோரு வருசமாத் தள்ளிப் போட்டாச்சுங்க சார்.”

“கையிருப்பு ஒன்றரை வருஷம் வரும். அதுக்கப்புறம் பிறக்கற குழந்தைங்களை நினைச்சுப் பாருங்க.”

“நெனைக்காத நாள் இல்லீங்க சார். நாந்தானுங்களே அவங்ககிட்டப் பேசறேன்.” தேநீரைக் குடிக்காமல் எழுந்தாள். “இருந்தாலும் எனக்கு உசுரோட இருக்கோணும்னு ஆசையா இருக்குதுங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபர்ஹானா அவள் வீட்டுக்கு வந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த மக்கன் பேடா இனிப்பை டப்பாவோடு மேசையில் வைத்தார். விடுமுறை நாளில் அவர் வந்ததே இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

“என்னங்க டாக்டர்? விதைச் செல்லு தேறாதுங்களா?”

“அது இல்ல. அந்த எதிர்ப்பொருளைச் செய்யற செல்லை ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் படிச்சோம். அது உங்களோடது இல்ல மேகலா.”

“வெளங்கலீங்க.”

“குழந்தை வயித்துல இருக்கும்போது அம்மாவோட செல் கொஞ்சம் குழந்தைக்குள்ள போயிடும். எல்லார்கிட்டயும் நடக்கறதுதான். பெரும்பாலும் நாளாவட்டத்துல மறைஞ்சிடும். உங்ககிட்ட அது மஜ்ஜைக்குள்ள போய்த் தங்கிடுச்சு. தங்கி, பெருகி, இத்தனை வருஷமா அங்கயே இருக்கு. நாங்க உங்க உடம்பு செஞ்சதுன்னு நினைச்ச எதிர்ப்பொருளை அந்தச் செல்தான் செய்யுது. சண்டை போட்டுட்டு இருந்தது உங்கம்மா.”

மேகலாவுக்குத் தன் தாயின் முகம் தெரியாது. அவளுக்கு மூன்று வயதில் அம்மா போய்விட்டாள் என்பதும், அப்பா அதற்கும் முன்பே போய்விட்டார் என்பதும் தெரியும். வேம்பகத்தில் ஒருமுறை அம்மாவைப் பற்றிக் கேட்டு அழுதபோது வார்டன், “உங்கம்மா உனக்குக் குடுத்துட்டுப் போனது இந்தச் சீக்கு ஒண்ணுதான்” என்றாள். கோபத்தில் சொன்ன பேச்சு. ஆனால் மேகலா அதைத்தான் பிடித்துக்கொண்டு வளர்ந்தாள்.

கை தானாக இடுப்பெலும்புக்குப் போனது. மஜ்ஜை எடுக்க ஊசி இறக்கி இறக்கித் தழும்பேறிய இடம்.

“துடைச்சா அதுவும் போயிருமுங்களா?”

“போயிடும்.”

வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

“இது எப்ப தெரிஞ்சுதுங்க?” என்று கேட்டாள் மேகலா.

“ரெண்டு வருஷம் ஆச்சு.”

“ரெண்டு வருசம் கழிச்சு இன்னைக்கு வந்து சொல்றீங்க. நான் தேதி குறிச்ச பொறவு.”

ஃபர்ஹானா தலையைக் குனிந்துகொண்டார். “இயக்குநர்தான் சொல்லச் சொன்னார். சொன்னா நீங்க இருந்துடுவீங்கன்னு.”

“நீங்க என்ன நெனச்சீங்க?”

“அவர் மறைக்கச் சொன்னதையும் சேத்துச் சொல்றதா இருந்தா மட்டும் சொல்றதுன்னு நினைச்சேன்.” நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கு எந்த ஊசியும் நிக்காததுக்கு வைரஸ் மட்டும் காரணம் இல்ல. உங்க மஜ்ஜையில உங்க செல் புதுசா எது தலையெடுத்தாலும் அந்தச் செல்லுங்க அமுக்கிடுது. அதுக்கு உங்களோடதும் அந்நியம்தான். அது உங்களை எச்.ஐ.வி.யிலேர்ந்து காப்பாத்துது. வேற எதையும் கத்துக்க விடல.”

மேகலா டப்பாவைத் திறந்து ஒரு பேடாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். தின்னவில்லை.

“நீங்க போங்க டாக்டர். நான் சொல்லி அனுப்பறேன்.”

அம்மாவைப் பற்றிக் கேட்க உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தாள். எலச்சிபாளையம் பக்கம் குடியிருந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா. அவள்தான் மேகலாவை வேம்பகத்தில் கொண்டுவந்து விட்டவள். அதன்பிறகு பொங்கலுக்கு இரண்டு தடவை வந்தாள். பிறகு வரவில்லை.

மேகலா பஸ் பிடித்துப் போனாள். தோட்டத்துச் சாளை வீட்டின் ஓட்டுக்குக் கீழே பெரியம்மா மாட்டுக்குச் சோளத்தட்டு அரிந்துகொண்டிருந்தாள். யாரென்று சொன்னதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். எழுந்தவளுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

“உக்காரு கண்ணு. காப்பி வெக்கட்டா?”

“வேண்டாம் பெரிம்மா. அம்மாவப் பத்திக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“உங்க பெரியப்பா பயந்துட்டாரு. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க. அதான் உன்னைய அங்க…”

“அதைக் கேக்க வரல பெரிம்மா. அம்மா எப்பிடி இருப்பாங்க?”

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “கருப்புத்தான். உன்னையாட்டவே நெத்தி. பேச்சு கம்மி.” கொஞ்சம் யோசித்தாள். “உன்னையக் கீழயே எறக்க மாட்டா. எந்நேரமும் இடுப்புலதான். வேற யாரும் தொட்டாக்கூடப் புடுங்கிக்குவா. யாரு என்ன சொல்லிருவாங்களோன்னு பயம் அவளுக்கு. மூணு வயசு வரைக்கும் மண்ணுலயே உடல உன்னைய. அவ போன பொறவு இந்த வாசல்லதான் நீ நடக்கப் பழகுனே. நாலஞ்சு நாள்ல ஓடவே ஆரம்பிச்சுட்டே. பாவி, இதப் பாக்காம போயிட்டாளேன்னு நான் அழுதேன்.”

மேகலா அந்த வாசலைப் பார்த்தாள். சிமெண்ட் போட்டிருந்தார்கள். காப்பி வேண்டாம் என்றவள் பிறகு கேட்டு வாங்கிக் குடித்தாள். கிளம்பும்போது பெரியம்மா, “இப்ப உடம்பு?” என்றாள். “செரியாயிரும் பெரிம்மா” என்று சொல்லிவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

மறுநாள் ஃபர்ஹானாவின் அறைக்குப் போய் நின்றபடியே பேசினாள்.

“தொடச்சிருங்க. ஆனா அதுக்கு முன்னாடி மஜ்ஜையில அம்மாளோடது எவ்வளவு எடுக்க முடியுமோ எடுத்துக்குங்க. வெளிய வெச்சு வளத்த முடியுங்களா?”

“கண்ணாடித் தட்டுல வளர்த்துப் பாக்கலாம். வைரஸையும் கூட விட்டு, தேவையான ஊட்டமெல்லாம் குடுத்து. அது பிழைச்சா குழந்தைங்களுக்கு ஊசி நிக்காது. ஆனா அவ்வளவு எடுத்தா உங்களுக்கு வலி அதிகம். ஆபத்தும் இருக்கு.”

“எடுத்துக்குங்க” என்றாள். “எனக்காகக் குடுக்கறதா இயக்குநர்கிட்டச் சொல்ல வேண்டாம். குழந்தைங்களுக்காகன்னும் சொல்ல வேண்டாம். சும்மா குடுத்தேன்னு சொல்லுங்க.”

எடுத்தார்கள். குப்புறப் படுத்தபடி அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மரத்துப்போகப் போட்ட ஊசியையும் மீறி எலும்புக்குள்ளிருந்து ஏதோ இழுபடுவது தெரிந்தது.

பிறகு துடைப்பு. காற்றைக்கூட வடிகட்டி அனுப்பும் அறை. முடி கொட்டியது, நகம் கருத்தது, வாயெல்லாம் புண். கண்ணாடிக்கு அப்பால் செவிலியர் சைகையில் பேசினார்கள். அங்கே அவளுக்குப் புதிதாக ஒரு உணர்வு வந்தது. இத்தனை நாளும் தனியாக இருப்பதாக நினைத்தது சரியில்லை. உள்ளே ஆள் இருந்திருக்கிறது. இனிமேல்தான் தனி. பயமாக இருந்தது. பயம் தெரியாமலிருக்கத் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

புதுச் செல்கள் முளைத்து ரத்தம் தேறியபின் ஃபர்ஹானா முடிவுகளைக் கொண்டுவந்தார்.

“வைரஸ் இல்ல. ஒரு துளிகூட இல்ல.”

“அது?”

“அதுவும் இல்ல.”

மையத்தில் அவளுக்கு ஒரு விழா எடுத்தார்கள். ரகசியம் காக்க வேண்டியதால் மதிவாணனின் அறையிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு. அவர் பொன்னாடை போர்த்தினார். யாரும் படம் எடுக்கவில்லை. கை தட்டியதும் மெதுவாகத்தான். மதிவாணன் எதையோ சொல்ல வாயெடுத்து, “உடம்பைப் பாத்துக்குங்கம்மா” என்று முடித்துக்கொண்டார். குடியிருப்பைக் காலி செய்ய ஒரு மாதம் தந்திருந்தார்கள். அவள் ஒரு வாரத்தில் கிளம்பிவிட்டாள்.

குமாரபாளையத்தில், தறிகள் ஓயாமல் ஓடும் ஒரு தெருவில் மாடியறை கிடைத்தது. துண்டு மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலையும் கிடைத்தது. கூட வேலை செய்த பெண்கள் நல்லவர்கள். சாப்பாட்டு நேரத்தில் தூக்குப் பாத்திரங்களைத் திறந்து, “இந்தக் கொழம்பு கொஞ்சம் ஊத்திக்கக்கா” என்று அவள் தட்டில் ஊற்றினார்கள். முதல் நாள் அவளால் அதை விழுங்க முடியவில்லை.

“எந்த ஊருங்கக்கா?” என்று கேட்டார்கள்.

“சங்ககிரிப் பக்கம்.”

“அங்க என்ன பண்ணீட்டிருந்தீங்க?”

“போன்ல பேசற வேலை” என்றாள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லாமல் போனது. அவர்களுடைய கல்யாணம், பிள்ளைப்பேறு, பழைய சண்டைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பதிலுக்குக் கொடுக்க அவளிடம் கதையில்லை. முப்பத்திமூன்று வருஷத்தையும் அரசாங்கம் அழித்துக்கொடுத்துவிட்டது. துடைத்துக்கொண்டவர்களோடு கடைசியில் அவளும் சேர்ந்துவிட்டாள். சேர்ந்தவர்களைப் போய்ப் பார்க்கத்தான் வழியில்லை.

உடம்பு தாங்கும் என்று ஃபர்ஹானா சொன்ன மாதத்தில், ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். தடுப்பூசி நாள். பெஞ்சு நிறையத் தாய்மார்கள், மடி நிறையக் குழந்தைகள். அவளும் போய் ஓரத்தில் உட்கார்ந்தாள். முறை வந்ததும் நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“கொழந்தை எங்கம்மா?”

“எனக்குத்தானுங்க.” மருத்துவர் சீட்டை நீட்டினாள்.

நர்ஸம்மா படித்தார். எந்த நோய்க்காக என்று சீட்டில் இருக்காது. மஜ்ஜை மாற்று என்று மட்டும் இருக்கும். ஒன்றும் கேட்காமல் ஊசியை எடுத்தார். “கையத் தளத்தி வெய்யி. அஞ்சு சீக்குக்கும் சேத்து ஒரே ஊசி. வலிக்கும்.”

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்த சின்னப் பெண், அழும் குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே பேசினாள்.

“சாயங்காலம் காய்ச்சலடிக்குமுங்கக்கா. பயந்துக்காதீங்க. அடிச்சாத்தான் ஊசி புடிச்சுதுன்னு அர்த்தமாம். ஈரத்துணி போட்டு உட்டா எறங்கிரும். பாத்துக்க ஊட்டுல யாராச்சும் இருக்காங்களா?”

“நான் இருக்கறனுங்க” என்றாள் மேகலா.

அந்தப் பெண் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள்.

சாயங்காலம் காய்ச்சல் வந்தது. முதலில் கை கனத்தது, பிறகு முதுகில் குளிர் ஏறியது. காய்ச்சல் மானியில் நூற்றொன்று காட்டியது. அவள் எத்தனையோ காய்ச்சல் பார்த்தவள். எல்லாம் தோற்ற பிறகு வருபவை. இது அப்படியில்லை. உள்ளே யாரோ புதிதாக வேலைக்கு வந்து, தட்டுத் தடுமாறி, ஆனால் சுறுசுறுப்பாகச் சாமான்களை உருட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. ஈரத்துணியைப் பிழிந்து தன் நெற்றியில் தானே போட்டுக்கொண்டு ஃபர்ஹானாவை அழைத்தாள்.

“டாக்டர், காய்ச்சல் வந்திருச்சுங்க.”

“எவ்வளவு?”

“நூத்தியொண்ணு.”

“நல்லது. ரொம்ப நல்லது மேகலா. உங்க உடம்பு கத்துக்குது.” குரலில் மகிழ்ச்சி இருந்தது. உடனே அது மங்கியதையும் மேகலா கவனித்தாள். குரல்களைக் கேட்டே பதினோரு வருஷம் கழித்தவள் அவள்.

“என்னமோ சொல்ல வர்றீங்க.”

“நாளைக்குச் சொல்றேன். நீங்க ரெஸ்ட் எடுங்க.”

“சொல்லுங்க டாக்டர்.”

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“உங்கம்மாவோட செல்லைத் தட்டுல வெச்சிருந்தோமே. என்னென்னமோ குடுத்துப் பாத்தோம். முதல்ல சில மாசம் நல்லா இருந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா… அதுக்கு எதிரே வைரஸ் மட்டும் இருந்தாப் போதலைன்னு நினைக்கறேன். சுத்தி நீங்க இருக்கணும் போல. இன்னைக்கு மத்தியானம் கடைசித் தட்டும் போயிடுச்சு.”

மேகலா நெற்றியிலிருந்த துணியை எடுத்தாள்.

“அப்ப அந்தக் கொழந்தைங்களுக்கு?”

“கையிருப்பு தீர்றதுக்குள்ள வேற வழி தேடணும். கிடைக்கும்னு உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்.”

“ம்.”

“உங்க தப்பு எதுவும் இல்ல மேகலா.”

“அம்மா செத்தப்ப எனக்கு மூணு வயசுங்க டாக்டர். தூக்கீட்டுப் போறப்ப நான் தூங்கீட்டிருந்தனாமா. பெரிம்மா சொன்னாங்க.” நிறுத்தினாள். “இன்னைக்கு மத்தியானம் எத்தன மணிக்குங்க?”

“ரெண்டரை இருக்கும்.”

ரெண்டரை மணிக்கு அவள் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் கிளம்பி வரட்டுமா?” என்றார் ஃபர்ஹானா. “ஒரு மணி நேரத்துல வந்துடலாம்.”

“எங்க பக்கம் கேதத்துக்கு வாங்கன்னு யாரையும் கூப்பிடறதில்லீங்க டாக்டர். எழவுன்னு தெரிஞ்சவங்க அவங்களா வருவாங்க.”

போனை வைத்தாள். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. தெருவில் தறிச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பைப் பற்றவைத்துப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள். காய்ச்சலோடு குளிக்கக்கூடாதுதான். ஆனால் சாவுச் செய்தி கேட்ட வீட்டில் தலைக்கு ஊற்றாமல் இருக்க முடியாது. முளைத்து இரண்டு விரற்கடை வளர்ந்திருந்த முடியில் வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. தறிச் சத்தத்தில் அது தெருவுக்குக் கேட்டிருக்காது.

உலர்ந்த சேலையை உடுத்திக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்திருந்த கதவை முழுக்கத் திறந்துவைத்தாள். விளக்கைப் போட்டுவிட்டு, வாசலுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள்.